மிக்ஸர் மேல் விழுந்த சுண்ணாம்பு

எந்த மைக் நல்லது, எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள். வார நாளில் கம்ப்யூட்டர், வாரக் கடைசியில் சவுண்ட் என்று ஓடுகிற ஆட்கள் நீங்கள். பொங்கல் விழா, அரங்கேற்றம், கல்யாண ரிசப்ஷன் என்று கை நிறைய வேலை. கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் பெட்டியிலேயே அச்சடித்து வருகிறது. அதற்கு நான் எதற்கு? பெட்டியில் எழுதியிராத ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவி சுமதிக்கே பாதிதான் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்கு என்ஜினியராக விசாவில் வந்தவன். பகலில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பேன். நிகழ்ச்சி இருந்தால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் உட்காருவேன். கிரீன் கார்டுக்கு முதலாளிதான் அப்ளை பண்ணியிருந்தார். அவர் தலையாட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு என் மண்டைக்குள் என்ன ஓடியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு யூத ராக் பேண்ட் இருந்தது. மொத்தம் நாலு பேர். கிடார் வாசித்துப் பாடுகிறவன் பெயர் ஆரி. தலையில் சின்னக் குல்லா, தோளில் எலெக்ட்ரிக் கிடார். பாட்டு முக்கால்வாசி ஹீப்ரூவில், அவர்கள் காலையில் பிரார்த்தனையில் சொல்கிற அதே வரிகள். டிரம்ஸ் மட்டும் இடி இடிக்கும். முதல் நிகழ்ச்சியில் நான் நல்ல பெயர் வாங்கவேண்டும் என்று ஆரியின் குரலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். இடைவேளையில் அவன் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தான்.

"என் குரலைக் குறை," என்றான்.

"சரியாகக் கேட்கவில்லையா?"

"என் குரல் கேட்கிறது. அவர்கள் குரல் கேட்கவில்லை. இவர்கள் என் பாட்டைக் கேட்க வரவில்லை, பாட வந்திருக்கிறார்கள்."

குறைத்த பிறகு பார்த்தால் அவன் சொன்னது சரிதான். கூட்டம் முழுக்கப் பாடியது. பையன்கள் கைகோத்து வட்டம் கட்டிக் குதித்தார்கள், பெண்கள் தங்கள் பக்கத்தில் இன்னொரு வட்டம். நடுவில் ஒரு திரை. நான் தமிழ்நாட்டில் திருவிழாக் கூட்டம், தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் கட்டியவன். எங்கேயும் கூட்டம் மேடைக்காரனைவிட நன்றாகப் பாடி நான் பார்த்ததில்லை.

இந்தப் பேண்டின் நிகழ்ச்சிகளில்தான் லியோ எனக்குப் பழக்கமானார். ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி வாத்தியார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பதினாறு வயது மகள் டீனாவை ஒரு நிகழ்ச்சி விடாமல் கூட்டிக்கொண்டு வருவார். அவருக்கு ராக் என்றாலே ஆகாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, மிக்ஸருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அங்கேதான் எனக்காக ஒரு சின்ன விளக்கு எரியும். அந்த வெளிச்சத்துக்காக வருகிறாராம். செல்வராஜ் என்ற என் பெயரை ஒருநாளும் முழுதாகச் சொல்லவில்லை, "செல்" என்பார். சுமதி கொடுத்தனுப்பிய முறுக்கை ஒருமுறை நீட்டினேன். எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "அருமை. எங்கள் சமையலறைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்காது, செல். அடுத்த பிறவி என்று ஒன்று உங்கள் கணக்கில் உண்டாமே, அதில் சாப்பிடுகிறேன்" என்று திருப்பிக் கொடுத்தார். இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படி உயிரைவிடுகிறார்கள் என்று அவரிடம்தான் கேட்டேன்.

"காலையில் இதே வரிகளைக் கொட்டாவி விட்டுக்கொண்டு சொல்கிறாள் என் பெண். ரேடியோவில் வருகிற பாட்டெல்லாம் வேறு யாருடைய வாழ்க்கையையோ பற்றியது. இங்கே வந்தால் அவளுடைய வாழ்க்கைக்கே டிரம்ஸ் வாசிக்கிறார்கள். கடவுளுக்கு டிரம்ஸ் வேண்டியதில்லை. டீனாவுக்கு வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?"

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அந்த ஊரில் என்னை வேலைக்காரனாகப் பார்க்காமல் ஒரு ஆளாகப் பார்த்துப் பேசிய வெள்ளைக்காரர் அவர் ஒருத்தர்தான்.

அந்த நிகழ்ச்சி குளிர்காலத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை மணிக்கு. இடம் ஒரு பழைய சினிமா தியேட்டர். அந்த ஊர்ப் பெரியவர்கள், பெண்களுக்குத் திரை போதாது, பால்கனியே தனியாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பால்கனி உள்ள இடத்தில் அந்தப் பேண்ட் வாசித்ததில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஒரு சிக்கல் உண்டு. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கினதிலிருந்து சனிக்கிழமை வானத்தில் நட்சத்திரம் தெரிகிறவரை அவர்களுக்கு ஓய்வு நாள். கார் ஓட்ட மாட்டார்கள், சுவிட்சைத் தொட மாட்டார்கள், வீடே இடிந்தாலும் ஃபோன் எடுக்க மாட்டார்கள். அதனால் பேண்ட் வந்து சேரவே மணி ஏழாகும். மத்தியானமே நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் கட்டி, ஒரு சி.டி.யைப் போட்டு சோதித்து வைத்துவிடுவேன்.

அன்றைக்கும் அப்படித்தான். மிக்ஸரை பால்கனிக்கு அடியில், கடைசி வரிசைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். சி.டி.யில் கனத்த பேஸ் ஒலி வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டினேன். மிக்ஸரின் கறுப்புத் தகட்டின் மேல் வெள்ளையாக என்னவோ விழுந்தது. தொட்டுப் பார்த்தால் சுண்ணாம்பு. அண்ணாந்து பார்த்தேன். பால்கனியின் அடிப்பக்கம் முழுக்கப் பூவேலை செய்த பழைய சுண்ணாம்புக் கூரை, அதில் கை நீளத்துக்கு ஒரு விரிசல். பழசா புதுசா என்று தெரியவில்லை. கைக்குட்டையால் மிக்ஸரைத் துடைத்தேன். மறுபடி சத்தத்தைக் கூட்டினேன். மறுபடி விழுந்தது.

வெறும் ஸ்பீக்கர் சத்தத்துக்கே உதிர்கிறது. மேலே நூற்றுக்கணக்கில் பெண்பிள்ளைகள் குதித்தால்? இந்தக் கேள்வி எனக்கு அப்போதே வந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியே கிடையாது.

வாசலில் இருந்த காசு ஃபோனிலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன். "கட்டடம் தியேட்டர்காரன் கவலை. சவுண்ட் உன் கவலை. நிகழ்ச்சியை நிறுத்துவதென்றால் திங்கட்கிழமை என் மேஜைக்கு முன்னால் வந்து காரணம் சொல்," என்று வைத்துவிட்டார். அடுத்து வீட்டுக்குப் போட்டேன்.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?" என்றாள் சுமதி.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இங்க சீலிங்ல இருந்து சுண்ணாம்பு கொட்டுது சுமதி."

"ஐயையோ. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது? ஆரி இருட்டறவரைக்கும் ஃபோன் எடுக்கமாட்டான். முதலாளி உன் வேலையப் பாருங்கிறாரு."

"அப்ப இருட்டினதும் சொல்லிருங்க. மறக்காதீங்க, என்ன? பிள்ளைகெல்லாம் வரும்ல."

"சரி, சரி."

அவள் சொன்னதுதான் சரி. இருட்டியது. ஏழு மணிக்கு பேண்ட் வேனில் வந்து இறங்கியது. அரை மணி நேரத்தில் டிரம்ஸ் ஏற்றி, வயர் செருகி, மைக் பார்த்து... ஆரி மூன்று முறை என்னைத் தாண்டிப் போனான். மூன்று முறையும் வாயைத் திறந்தேன். ஒருமுறை மைக் ஸ்டாண்ட் பற்றிக் கேட்டேன். இன்னொரு முறை தண்ணீர் வேண்டுமா என்றேன். சொன்னால் நிறுத்துவான் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் திங்கட்கிழமை முதலாளி மேஜை. முதல் ரெண்டு பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுகிறவர்கள் எல்லோரும் இதே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

லியோ வழக்கம்போல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். டீனா பால்கனிப் படியில் ஏறும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கை காட்டினாள்.

முதல் பாட்டில் கொஞ்சம் உதிர்ந்தது, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம். நாலாவது பாட்டு அவர்கள் எல்லோருக்கும் பிடித்த வேகப் பாட்டு. மேலே பால்கனி அதிர்வது எனக்கு நாற்காலிக் காலில் தெரிந்தது. அண்ணாந்தேன். விரிசல் மேடைப் பக்கமாக ஓடியிருந்தது. எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு துண்டு மிக்ஸர் மேல் விழுந்து உடைந்தது.

அடுத்த அரை நிமிடத்தில் நான் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். மிக்ஸரில் ஒரு சின்ன மைக் இருந்தது. அதில் பேசினால் ஆரியின் காலடியில் உள்ள ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். "பால்கனி ஆபத்து, உட்கார வை" என்று நான்கே வார்த்தை போதும். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பின்னால் குனிந்து சவுண்டுக்கான மெயின் சுவிட்சை அடித்து அணைத்தேன்.

ஏன் என்று கேட்டால், நம் ஊர்ப் பழக்கம். நம் கச்சேரியில் மைக் போனால் கூட்டம் அப்படியே அடங்கி, திரும்பி சவுண்டுக்காரனை முறைக்கும். அவ்வளவு பேரும் என்னை முறைத்துப் பார்த்துத் திட்டட்டும், குதிப்பது நின்றால் போதும் என்று நினைத்தேன். இவர்கள் பாட வந்தவர்கள் என்று ஆரி எனக்கு முதல் நாளே சொன்னது, இரண்டு வருடமாக நானே கண்ணால் பார்த்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பதற்றத்தில் நமக்குக் கை கொடுப்பது அறிவல்ல, பழக்கம். பழக்கம் வேறு ஊருடையதாக இருந்தால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தேன்.

ஒரு நொடி அமைதி. பிறகு பால்கனியிலிருந்து ஒரு பெண் குரல் அதே பாட்டை விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டது. அடுத்த வரிக்குள் பால்கனி முழுக்கப் பாடியது. அதற்கடுத்த வரிக்குள் தியேட்டரே பாடியது. வாரா வாரம் ஓய்வு நாளில் வாத்தியமே இல்லாமல் பாடிப் பழகியவர்கள். அவர்களுக்கு மைக் எதற்கு, டிரம்ஸ் எதற்கு? டிரம்ஸ் இருந்தவரை ஒவ்வொருத்தியும் தன் இஷ்டத்துக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். இப்போது தாளத்துக்கு வேறு வழி இல்லாததால் எல்லோரும் சேர்ந்து ஒரே சமயத்தில் காலால் தரையை உதைத்தார்கள். தம், தம், தம் என்று ஒரே உதை. சுண்ணாம்பு மழை மாதிரி கொட்டத் தொடங்கியது.

லியோ காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"கேட்டாயா செல்? முதலில் ஆரம்பித்தது டீனா. என் மகள் குரல் எனக்குத் தெரியாதா?"

"லியோ, எழுந்திரு. கூரை விழப்போகிறது. வெளியே போ!"

அவர் மேலே பார்த்தார். புரிந்துவிட்டது. மெயினை மறுபடி போட்டால் எல்லாம் உயிர் பெற ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கையில் இருந்த ஒரே குரலை நானே அணைத்திருந்தேன். ஆரியிடம் சொல்ல நான் மேடையை நோக்கி ஓடினேன். ஓடியதால்தான் இன்று உங்களுக்குக் கதை சொல்கிறேன். லியோ வெளியே போகவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த வரிசையில் வயதான இரண்டு பேர் உட்கார்ந்தபடியே கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தூக்கிவிடப் போனார்.

நான் பாதி தூரம் போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. என் வேலையே சத்தம்தான்; அதை எதற்கும் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கூரையில் ஒரு பெரிய பாளம் அப்படியே பெயர்ந்து மூன்று வரிசை மேல் விழுந்தது. பால்கனி நின்றது, விழவில்லை. மேலே இருந்த ஒரு பெண்ணுக்கும் கீறல்கூட இல்லை. வயதானவர்கள் இருவரும் எலும்பு முறிவோடு பிழைத்தார்கள். லியோ மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரணை நடந்தது. கட்டடம் பழசு, பராமரிப்பு இல்லை என்று முடிந்தது. என்னிடம் கேபிள் பற்றி, ஆம்ப்ளிஃபையர் பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். மத்தியானம் என்ன பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "கேக்காததுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல," என்று சுமதியிடம் சொன்னேன். அவள், "அன்னைக்கு இருட்டினதும் சொன்னீங்கதானே?" என்று கேட்டாள். "சொன்னேன்" என்றேன்.

அவர்கள் வழக்கப்படி அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் வீட்டிலேயே துக்கம் காப்பார்கள். வாசல் கதவைப் பூட்ட மாட்டார்கள், யார் வேண்டுமானாலும் தட்டாமல் உள்ளே போகலாம். மூன்றாம் நாள் நான் போனேன். போகும் முன் ஆரியிடம் கேட்டேன். "போய் உட்கார். அவர்களாகப் பேசுகிறவரை நீ பேசாதே. அதுதான் முறை," என்றான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். லியோவின் மனைவியும் டீனாவும் தணிவான நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரி ஒரு மூலையில் இருந்தான். நான் எதிரில் உட்கார்ந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது, யாரும் பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மௌனம் எனக்கு வசதியாக இருந்தது. அவர்கள் பேசாவிட்டால் நானும் பேச வேண்டாமே. எழுந்திருக்கலாம் என்று நினைத்தபோது டீனா நிமிர்ந்தாள்.

"நீங்கள் அப்பா பக்கத்தில் இருந்தீர்களே. மியூசிக் ஏன் நின்றது?"

காரில் அத்தனை முறை சொல்லிப் பார்த்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கரண்ட் போய்விட்டது," என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியானால் நாங்கள் பாடியது அவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டது. முதலில் ஆரம்பித்தது உன் குரல் என்று சொன்னார். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார். சிரித்தார்."

இது சத்தியமான உண்மை. டீனா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அம்மா என்னைப் பார்த்து, "நன்றி" என்றாள். எனக்கு அந்தத் தரையிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

அந்தப் பொய்யை ஒரு குழந்தையின் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாகப் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உதைத்த உதையில்தான் கூரை விழுந்தது என்று அவளுக்குத் தெரியவேண்டாமே என்று. அப்படியெல்லாம் இல்லை. அந்தக் கணத்தில் எனக்கு அவள் ஞாபகம் இல்லை, கிரீன் கார்டு ஞாபகம்தான் இருந்தது. இரக்கத்தை அப்புறம் கண்டுபிடித்து ஒட்டவைத்துக்கொண்டேன். கிரீன் கார்டும் வந்தது. சுமதி பாயசம் வைத்தாள்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். மத்தியானம் பார்த்ததை மத்தியானமே சொல்லுங்கள். ஃபோன் எடுக்காவிட்டால் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். ஓய்வு நாளாக இருந்தாலும் உயிர் போகிற விஷயமென்றால் அவர்கள் சட்டமே எல்லாவற்றையும் மீறச் சொல்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆரியின் வீடு அந்த தியேட்டரிலிருந்து காரில் இருபது நிமிடம். ஒரு கூட்டத்தை அடக்க வேண்டி வந்தால் சுவிட்சைத் தேடாதீர்கள். அந்தக் கூட்டம் யார் பேச்சைக் கேட்கும் என்று பாருங்கள். அவர் காதில் போய்ச் சொல்லுங்கள்.

அன்று அந்த வீட்டிலிருந்து நான் வெளியே வந்தபோது ஆரி பின்னாலேயே வந்தான். காருக்குப் பக்கத்தில் நின்றான். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அந்தச் சின்ன மைக்கில் என்னிடம் சொல்லியிருந்தால் மெதுவான பாட்டு ஒன்றை எடுத்திருப்பேன். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்," என்றான். அப்புறம், "கரண்ட் போகவில்லை. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தது," என்றான்.

நான் பைக்குள் கார் சாவியைத் தேடினேன்.

"பால்கனியிலும் எரிந்தது. அவளுக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். இன்னும் நான்கு நாள் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. நான் போகவில்லை.